கடைசி விருப்பத்தை யார் கையில் கொடுப்பது?

ஒரத்தநாடு பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கு மைனஸ் 196 டிகிரி புதிய சங்கதி இல்லை. சினை ஊசி போட வருகிறவர் கொண்டுவரும் அலுமினியக் குடுவையில் இருப்பது திரவ நைட்ரஜன். மூடியைத் திறந்தால் வெள்ளையாகப் புகை வழியும். உள்ளே 0.25 மில்லி கொள்ளும் மெல்லிய குழாய்களில் காளையின் விந்து உறைந்து கிடக்கும். ஈச்சங்கோட்டைப் பண்ணையில் உறையவைத்தது வருஷக்கணக்கில் அப்படியே இருந்து, 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் போட்டதும் அசையத் தொடங்குகிறது. எல்லா அணுக்களும் பிழைப்பதில்லை. ஏறக்குறையப் பாதி செத்துப்போகின்றன. ஒரு கன்றுக்கு ஓர் அணு போதும் என்பதால் அந்த நஷ்டம் யாருக்கும் தெரிவதில்லை.

அதே திரவத்தில் இறந்த மனித உடலை இறக்கிவைத்து, பிற்காலத்து மருத்துவம் எழுப்பிவிடும் என்று காத்திருப்பதுதான் கிரையோனிக்ஸ். 1967 ஜனவரி 12 அன்று கலிஃபோர்னியாவில் இறந்த உளவியல் பேராசிரியர் ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் இதில் முதல் ஆள். அவர் உடல் இன்று அரிசோனாவில் ஆல்கார் நிறுவனத்தின் தொட்டியில் இருக்கிறது. மிச்சிகனில் கிரையோனிக்ஸ் இன்ஸ்டிடியூட் என்று இன்னொன்று. ரஷ்யா, சீனா, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரேலியாவிலும் உண்டு. இந்தியாவில் கிடையாது. முழு உடலுக்கு ஆல்கார் வாங்குவது 2 லட்சம் டாலருக்குக் குறையாது; மிச்சிகன் நிறுவனத்தின் அடிப்படைக் கட்டணம் 28,000 டாலர். பெரும்பாலோர் ஆயுள் காப்பீட்டுத் தொகையை அந்த நிறுவனத்தின் பேருக்கு எழுதிவைத்து ஈடுகட்டுகிறார்கள்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படி வைத்த யாரும் எழுந்து வருவார்கள் என்று நான் நம்பவில்லை. 2023இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எலியின் சிறுநீரகத்தை 100 நாள் வரை உறைநிலையில் வைத்துத் திரும்பப் பொருத்தி வேலை செய்ய வைத்தார்கள். மனித மூளை அதிலிருந்து வெகுதூரம். பாதி அணுக்கள் செத்த மூளையில் மிச்சப் பாதியை வைத்து அதே மனிதரை மீட்க வழியில்லை. ஆனாலும் அந்த விருப்பத்தை மதிக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். எரிக்கச் சொல்கிறவர், புதைக்கச் சொல்கிறவர், மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கச் சொல்கிறவர் மாதிரி அவரும் தன் உடலைப் பற்றித்தான் சொல்கிறார். கிரையோனிக்ஸை ஒட்டி வந்த வழக்குகளைத் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் உட்கார்ந்து படிக்க வேண்டிய அவசியம் வேறு. பேச முடியாமல் போன ஒருவரின் விருப்பம் எந்த இடத்தில், யார் கையில் உடைகிறது என்பதை அவை அப்பட்டமாகக் காட்டுகின்றன. நம் ஐசியூ வாசல்களில் தினமும் உடைவதும் அதே இடத்தில்தான்.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். இதயம் நின்று, மருத்துவர் இறப்பை அறிவித்த அந்த நிமிடமே காத்திருக்கும் குழு உடலை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கிடத்துகிறது. மார்பை அழுத்தும் இயந்திரத்தை மாட்டி ரத்தத்தை ஓடவைக்கிறார்கள். ரத்தம் கட்டாமலிருக்க ஹெப்பாரின் போடுகிறார்கள். மூளையின் ஆக்சிஜன் தேவையைக் குறைக்கவும், மார்பை அழுத்துவதில் தப்பித்தவறி நினைவு திரும்பாமலிருக்கவும் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து. உடல் வெப்பம் 10 டிகிரி இறங்கினால் திசுக்களின் ஆக்சிஜன் தேவை ஏறக்குறையப் பாதியாகும், அதனால்தான் இவ்வளவு அவசரம். பிறகு ரத்தத்தை வெளியேற்றிவிட்டு உறைதடுப்புக் கரைசலை ஏற்றுகிறார்கள். அது மைனஸ் 123 டிகிரி அருகே பனிப்படிகம் கட்டாமல் கண்ணாடி போல இறுகும். அதற்கப்புறம் நாள்கணக்கில் மெதுவாக மைனஸ் 196க்கு இறக்குகிறார்கள்.

கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்தவைதான். இறந்து நேரம் கடந்தால் நுண்குழாய்களில் ரத்தம் கட்டி, கரைசல் போய்ச் சேராது. கரைசல் சேராத இடத்தில் பனிப்படிகம் அணுவைக் கிழிக்கும். எல்லாம் சரியாக நடந்தாலும் ஆழ்குளிரில் திசு விரிசல் விடும். பிரேதப் பரிசோதனைக்குப் போனால் நாள்கணக்கில் தாமதம், மூளையையே அறுத்துப் பார்ப்பார்கள். மறதி நோயில் மூளை கரைந்துகொண்டே போனால் காப்பாற்ற ஏதும் மிஞ்சாது. வென்டிலேட்டரில் பல நாள் கிடந்து மூளை முதலில் செத்தாலும் அதே கதி.

ஆக, இந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டவருக்கு முன்கூட்டியே தெரிந்த சாவு வேண்டும், சீக்கிரமும் முடிய வேண்டும், படுக்கையருகே ஆட்கள் தயாராக நிற்கவும் வேண்டும். கடைசி நாட்களின் பராமரிப்பு கேட்பதோ வலியில்லாமை, மூச்சுத்திணறல் இல்லாமை, பக்கத்தில் சொந்த மனிதர்கள். இரண்டும் ஒரே அறையில் நடக்க வேண்டியிருக்கும்போதுதான் மோதல்.

2016இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு இதற்கு நல்ல சான்று. 14 வயதுப் பெண்ணுக்கு அரிய வகைப் புற்றுநோய். தன்னை உறையவைக்க வேண்டும் என்று அவளே கேட்டாள். தாய் சம்மதித்தார். 2008க்குப் பிறகு மகளை நேரில் பார்த்திராத தந்தை முதலில் மறுத்தார், பிறகு இறந்தபின் உடலைப் பார்க்கவிட்டால் சம்மதம் என்றார், அதற்கு மகளும் தாயும் உடன்படவில்லை. 18 வயது ஆகாததால் உயில் எழுதும் உரிமை அவளுக்கில்லை. நீதிபதி பீட்டர் ஜாக்சன் மருத்துவமனைக்கே போய் அவளைப் பார்த்தார். கிரையோனிக்ஸ் சரியா தவறா என்பதற்குள் போகாமல், உடலை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை தாய்க்கு மட்டுமே என்று தீர்ப்பளித்தார். அக்டோபர் 17 அன்று அவள் இறந்தாள், உடல் மிச்சிகன் போனது.

பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுவார்கள். தீர்ப்போடு சேர்த்து வெளியான மருத்துவமனையின் குறிப்பு முக்கியமானது. மகளின் கடைசி நாளில் தாயின் கவனம் இறந்தபிறகு செய்ய வேண்டிய ஏற்பாடுகளிலேயே இருந்தது, மகளோடு முழுதாக இருக்க முடியவில்லை. வந்த தன்னார்வக் குழுவிடம் போதிய சாதனங்களும் ஒழுங்கும் இல்லை. அந்தப் பாரம் வார்டு ஊழியர்கள் மேல் விழுந்தது. சட்டத்தில் பெண் ஜெயித்தாள். படுக்கையருகே நடந்தது அவள் கேட்டதுதானா என்பது வேறு கேள்வி. கிரையோனிக்ஸை ஆதரிப்பவர்கள் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

இதற்கும் முந்தையது டோரா கென்ட் விவகாரம். 1987 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் 83 வயது மூதாட்டியை, மகனின் ஏற்பாட்டில், முதியோர் இல்லத்திலிருந்து ஆல்காரின் இடத்துக்கே கொண்டுவந்தார்கள். அங்கே இறந்தார், தலை மட்டும் உறையவைக்கப்பட்டது. இறப்பை அறிவிக்க மருத்துவர் யாரும் அந்த நேரத்தில் அங்கே இல்லை. உடலில் பார்பிட்யூரேட் என்ற மயக்க மருந்து இருந்ததும் மரண விசாரணை அதிகாரி, மருந்து கொடுத்தபோது அவர் உயிரோடு இருந்தாரா என்று கேட்டார். இறந்த பிறகு மூளையைக் காக்கக் கொடுத்தது என்றது நிறுவனம். அதிகாரி தலையைக் கேட்டார், ஒளித்துவைத்தார்கள், சோதனை நடந்தது. கடைசியில் யார் மேலும் குற்றச்சாட்டு பதிவாகவில்லை. ஒரு மருத்துவர் பக்கத்தில் நின்று நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் இத்தனையும் வந்திருக்காது.

தாமஸ் டொனால்ட்சன் என்ற கணிதவியலாளர் எதிர்த்திசையில் போனார். மூளையில் கட்டி. அது மூளையைத் தின்று முடிக்கும் முன், உயிரோடு இருக்கும்போதே தன்னை உறையவைக்க அனுமதி கேட்டார். 1992இல் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. சிகிச்சையை மறுக்க அவருக்கு உரிமை உண்டு, அவர் சாவை இன்னொருவர் கையால் நடத்திவைக்க உரிமையில்லை என்பது அதன் சாரம். அந்தக் கோடு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது என்பது என் கருத்து. மூச்சு நிற்கும்வரை உடம்பில் ஏறும் ஒவ்வொரு மருந்தும் நோயாளியின் நிம்மதிக்காக மட்டுமே இருக்க வேண்டும். இறப்பை அறிவிக்கும் மருத்துவருக்கும் உடலுக்காகக் காத்திருப்பவருக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. நம்முடைய 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் இதைத்தான் செய்கிறது. மூளைச்சாவைக் குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும், சான்றளிக்கும் குழுவில் உறுப்பை எடுக்கும் மருத்துவர் இருக்கக் கூடாது.

சிகிச்சையை மறுப்பது நமக்கு அந்நியமும் இல்லை. உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விட்டதைப் பள்ளியில் படித்து வளர்ந்தவர்கள் நாம். நினைவு தெளிவாக உள்ள நோயாளி "டியூப் வேண்டாம், வென்டிலேட்டர் வேண்டாம்" என்றால் மருத்துவர் கேட்டாக வேண்டும். நினைவு தப்பிய பிறகுதான் சிக்கல்.

நினைவு தப்பினால் என்ன ஆகும் என்பதை அயோவா மாநிலத்து வழக்கு காட்டுகிறது. முதியவர் ஒருவர் 2004இலேயே ஆல்காருடன் ஒப்பந்தம் போட்டு முழுப்பணமும் கட்டியிருந்தார். பிறகு மறதி நோய் வந்தது. தம்பியும் தங்கையும் பொறுப்பாளர்கள் ஆனார்கள். அவர்களுக்கு இந்த ஏற்பாட்டில் விருப்பமில்லை. 2009 பிப்ரவரியில் அவர் இறந்ததும் நிறுவனத்துக்குச் சொல்லாமல் புதைத்துவிட்டார்கள். 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தோண்டியெடுத்து ஒப்படைக்க உத்தரவிட்டது. தாள் ஜெயித்தது, ஓராண்டுக்கு மேல் மண்ணில் கிடந்த பிறகு. அவர் பணம் கட்டிய காரியம் அதற்குள் அர்த்தமிழந்திருந்தது. பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ் விஷயம் இன்னும் மோசம். உயிலில் எரிக்கச் சொல்லியிருந்தார். 2002 ஜூலையில் இறந்ததும் மகன் ஆல்காருக்கு அனுப்பினார், மூத்த மகள் வழக்குப் போட்டார். அப்பா கையெழுத்துப் போட்டது என்று எண்ணெய்க் கறை படிந்த ஒரு துண்டுச் சீட்டை மகன் காட்டினார். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

பக்கத்து மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. கேரளத்தின் மூத்த மார்க்சிஸ்ட் தலைவர் எம்.எம். லாரன்ஸ் 2024 செப்டம்பரில் இறந்தார். அப்பா உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கச் சொன்னார் என்றார் மகன். கிறித்தவ முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்றார் மகள். எழுத்தில் ஏதுமில்லை, வாய்மொழியாகச் சொன்னதற்குச் சாட்சிகள் இருந்தார்கள். உயர் நீதிமன்றம் தானத்தை ஏற்றது, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அதுவரை உடல் கல்லூரியிலேயே கிடந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். டெல்டாவில் ஐசியூவில் கிடக்கும் பெரியவருக்கு நம்பிக்கையில்லை என்று ஆனதும் மருத்துவர் "சொந்தக்காரங்களுக்கு எல்லாம் சொல்லிடுங்க" என்பார். குடும்பம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகும். உயிர் வீட்டில் போக வேண்டும், கூடத்தில் படுக்க வைக்க வேண்டும் என்பது பலருக்கு உண்மையான, ஆழமான விருப்பம். அதைக் குறைசொல்ல மாட்டேன். போகும் விதம்தான் கொடுமை. ஆம்புலன்ஸில் ஒருவர் ஆம்பு பேகை, அதாவது கையால் மூச்சுக் கொடுக்கும் பையை, அழுத்திக்கொண்டே வருவார், வீட்டில் இறக்கியதும் டியூபை உருவிவிடுவார். வலிமருந்து எதுவும் கையில் கொடுத்திருக்க மாட்டார்கள். மேல்மூச்சு வாங்கும், கபம் இழுக்கும், அரை மணியில் முடியும் என்றது ராத்திரி முழுக்க நீளும். பார்க்கப் பொறுக்காமல் மறுபடி மருத்துவமனைக்கே ஓடுகிறவர்கள் உண்டு.

முறையாகச் செய்தால் இப்படி இருக்காது. தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்திருந்தால் அதை முதலில் நிறுத்தி, அதன் வேகம் தீர்ந்ததை உறுதிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் நோயாளி திணறுவது வெளியே தெரியாது. மூக்குக் குழாய் உணவைச் சில மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். டியூபை எடுக்கும் முன்பே வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மார்ஃபினும், பதற்றத்தைத் தணிக்க மிடசோலமும் கொடுத்து மூச்சு நிதானமானதைப் பார்க்க வேண்டும். கபத்துக்கு கிளைகோபைரோலேட்டை முன்பே போட வேண்டும், சேர்ந்த பிறகு போட்டால் அதிகம் பயன் தராது. சலைனை நிறுத்தினால் "பட்டினி போட்டுக் கொல்றீங்களா" என்று யாராவது கேட்பார்கள். அந்த நிலையில் ஏற்றும் தண்ணீர் பெரும்பாலும் நுரையீரலிலும் காலிலும்தான் தேங்குகிறது. பால் ஊற்றும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. விழுங்கும் திறன் போனவருக்கு ஊற்றிய பால் மூச்சுக்குழலில்தான் இறங்கும், பஞ்சில் நனைத்து உதட்டில் தடவினால் போதும்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிநிவாரணப் பராமரிப்புக்கு வீட்டுக்கே செவிலியர் வருகிறார். கடைசி வாரத்தில் அவரைத் தேடாமல், நோய் முற்றுகிறது என்று தெரிந்த மாதமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைப் பதிய வேண்டும். மார்ஃபின் மாத்திரை எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில்தான் வாங்க முடியும். மார்ஃபின் தொடங்கிய அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். அதை மறந்துவிட்டு, மலச்சிக்கல் வந்ததும் மார்ஃபினை நிறுத்தி, வலியைத் திரும்ப வரவழைப்பதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு.

நினைவு தப்பினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் தாள்தான் லிவிங் வில். அதை எழுதும் முறை இப்போது எளிது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை ஏற்றபோது மாஜிஸ்திரேட் கையெழுத்து கேட்டது, அதனால் யாரும் எழுதவில்லை. 2023 ஜனவரி 24 அன்று அதை மாற்றியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று வாங்கினால் போதும். தன் சார்பில் முடிவெடுக்கிறவர் பேரை எழுத வேண்டும், ஒருவருக்கு மேலும் எழுதலாம். ஒரு பிரதி குடும்ப மருத்துவருக்கும், ஒன்று ஊராட்சி அல்லது நகராட்சியின் பொறுப்பு அலுவலருக்கும் போக வேண்டும். நடைமுறைக்கு வரும்போது மருத்துவமனை, சிகிச்சை தரும் மருத்துவரோடு 5 ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களைச் சேர்த்து முதல் குழு போடும். அடுத்து மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிப்பவர் இடம்பெறும் இரண்டாம் குழு. ஒவ்வொன்றும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் முடிவுசொல்ல வேண்டும். நிறுத்தும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல். குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம்.

தாளில் யார் பேரை எழுதுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மரியாதைக்காக மூத்த மகன் பேரை எழுதுவார்கள். அவர் சிங்கப்பூரில் இருப்பார், கூட இருந்து மலம் மூத்திரம் எடுப்பது மருமகளோ சின்ன மகளோவாக இருக்கும். ஐந்தாம் நாள் வந்திறங்கும் மகன் "எவ்வளவு செலவானாலும் பாருங்க டாக்டர்" என்பார். அது கூட இல்லாமல் போன வலியில் வரும் பேச்சு, அவரைக் கெட்டவராகப் பார்க்க வேண்டாம். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் தாள் செல்லாக்காசாகிவிடும். மருத்துவமனை அஞ்சுவது இறந்தவருக்கு அல்ல, எதிரே நின்று குரலுயர்த்துகிறவருக்கு. பக்கத்தில் இருக்கிறவர் பேரை முதலிலும் தூரத்தில் இருக்கிறவர் பேரை அடுத்ததாகவும் எழுதுங்கள். எழுதிய அன்றே வீடியோ காலில் தூரத்துப் பிள்ளைக்குப் படித்துக் காட்டுங்கள். அயோவாவில் தம்பியும் தங்கையும் முதல் நாளே மாட்டோம் என்றார்கள். அன்றே வேறு ஆளை நியமித்திருக்கலாம்.

லிவிங் வில் உடலைப் பற்றிப் பேசாது, உடல்தானப் படிவம் வென்டிலேட்டரைப் பற்றிப் பேசாது. இரண்டும் தனித்தனித் தாள். சொத்து உயிலில் உடலைப் பற்றி எழுதிப் பயனில்லை, அதைப் பிரிப்பது கருமாதி முடிந்த பிறகு. உறுப்புதானம் செய்ய நினைப்பவர் "எந்நிலையிலும் வென்டிலேட்டர் வேண்டாம்" என்று எழுதினால் தானம் நடக்காது. மூளைச்சாவுச் சோதனைக்கும் உறுப்பை எடுப்பதற்கும் தேவையான நேரம் மட்டும் வைக்கலாம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

மன்னார்குடியிலோ சீர்காழியிலோ இருந்துகொண்டு கிரையோனிக்ஸ் வேண்டும் என்பவருக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். காத்திருக்கும் குழு இங்கே இல்லை. உடலை விமானத்தில் அனுப்ப இறப்புச் சான்று, காவல்துறையின் தடையில்லாச் சான்று, பதப்படுத்திய சான்று, தூதரக அனுமதி என்று குறைந்தது சில நாள் ஓடும். திருச்சியில் ஏற்றும்போதே மூளைக்கு நடக்கக் கூடாதது நடந்திருக்கும். வாடகை ஃப்ரீசர் பாக்ஸ் உடல் அழுகுவதைத் தாமதப்படுத்தும், மூளை அணுவைக் காப்பாற்றாது. உயிரோடு இருக்கும்போதே அந்த ஊருக்குப் போய்த் தங்கினால் தவிர அந்த ஒப்பந்தம் வெறும் செலவு.

உடல்தானம் அப்படியல்ல. பெரியார் தொண்டர்களும் பொதுவுடைமைக் கட்சிக்காரர்களும் டெல்டாவில் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு, மயிலாடுதுறை மாவட்டத்தில் இல்லை. அந்தப் பகுதிக்காரர்கள் எந்தக் கல்லூரி என்று முன்பே தீர்மானித்து உடற்கூறியல் துறையின் எண்ணை வீட்டுச் சுவரில் எழுதிவைக்க வேண்டும். இறந்ததும் மின்விசிறியை நிறுத்தி, கண்ணை மூடி ஈரப்பஞ்சு வைத்து, தலையைத் தலையணையால் சற்று உயர்த்துங்கள். 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும், கண் எடுத்த உடலைக் கல்லூரி ஏற்கும். காரணம் குறிப்பிட்ட மருத்துவரின் இறப்புச் சான்று, இறந்தவர் மற்றும் வாரிசின் ஆதார் நகல் தேவை. பிரேதப் பரிசோதனை செய்த உடலையும், எச்ஐவி, மஞ்சள் காமாலை வகைத் தொற்று, காசநோய் இருந்த உடலையும் ஏற்க மாட்டார்கள், அதனால் மாற்று ஏற்பாடும் பேசிவையுங்கள். "கொள்ளி வைக்காம எப்படி" என்று கேட்கும் பங்காளிகளிடம் இறந்தவர் உயிரோடு இருக்கும்போதே பேசியிருக்க வேண்டும். அவர் கையெழுத்திட்ட படிவம் இருந்தாலும், அன்றைக்கு வாரிசுகள் மறுத்தால் கல்லூரி வண்டியை அனுப்பாது. வெளியூரில் உள்ள பிள்ளைகளின் சம்மதத்தையும் இப்போதே எழுதி வாங்கி அந்தப் படிவத்தோடு இணைத்துவிடுங்கள்.